எம்ஜிபி காரின் விளக்கு மங்கலா? முதலில் ஒயரைப் பாருங்கள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வைத்திருப்பவர்கள், முகப்பு விளக்கு மங்கினால் உடனே பல்பை மாற்றுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பல விளக்குகளை மங்கவைப்பது பழைய ஒயர்தான்.

விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் ஒரு முறையும், பல்பின் முனைகளில் ஒரு முறையும் வோல்ட்டை அளந்து பாருங்கள். பேட்டரியைவிடப் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே, ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். இந்தக் காரில் விளக்குக்கான மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகவே போகிறது. பச்சை பூத்த இணைப்புகளும் தேய்ந்த சுவிட்ச் முனைகளும் வோல்ட்டை வழியிலேயே தின்றுவிடுகின்றன.

தாழ்ஒளிக்கு ஒன்று, உயர்ஒளிக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சுகளை) பொருத்துங்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரை நேரே ரிலேக்குக் கொண்டுவாருங்கள். பழைய நீலம்-சிவப்பு, நீலம்-வெள்ளை ஒயர்கள் இனி ரிலேயை இயக்கினால் போதும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு எர்த் ஒயரையும் புதுப்பிக்க மறக்காதீர்கள். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

அதன்பிறகு 7 அங்குல எச்4 விளக்கும் (உயர்ஒளி, தாழ்ஒளி இரண்டும் ஒரே ஹாலஜன் பல்பில் வரும் வகை) 60/55 வாட் பல்பும் போடுங்கள். விளக்கின் முன்கண்ணாடி உங்கள் சாலைக்கு ஏற்றதா என்றும் பாருங்கள்: அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான காரின் விளக்கு, இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.