ஓடும் குவாட்டர்பேக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை நடத்தி, பந்தை எறிகிற ஆள்தான் குவாட்டர்பேக். அவர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அடிபட்டு எழச் சிரமப்பட்டால் போதும், “இதுக்குத்தான் ஓடாதேன்னு சொன்னோம்” என்று பேச்சு கிளம்பிவிடும். அடுத்த வாரம் அதே ஆள் 40 யார்டு ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டி டச் டவுன் போட்டால், “இவரை ஏன் இன்னும் ஓட விடக்கூடாது?” என்பார்கள். இரண்டு பேச்சிலும் ஒரே கோளாறுதான். எல்லா ஓட்டமும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். எந்த ஓட்டம், எந்த நேரத்தில், எப்படி முடிந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் லாபமும் ஆபத்தும் புரியும். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களைப் பல வருடமாகப் பார்க்கிறவர்களும், ஏன், பயிற்சியாளர்களுமே சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

பாக்கெட்டுக்குள் நின்றால் பத்திரம் என்று நம்புவது

ரொம்பப் பழைய நம்பிக்கை இது. லைன்மேன்கள் அரைவட்டமாக நின்று எதிரணியைத் தடுக்க, நடுவில் நின்று குவாட்டர்பேக் பந்தை எறிகிற இடம்தான் பாக்கெட். அங்கேயே இருந்தால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் இந்த ஆட்டத்தின் மறக்க முடியாத காயங்களில் பல அங்கேதான் நடந்தன. 1985 நவம்பரில் லாரன்ஸ் டெய்லர் மேலே விழுந்ததில் வாஷிங்டனின் ஜோ தைஸ்மனுக்குக் கால் எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் களமிறங்கவே இல்லை. 2008 சீசனின் முதல் ஆட்டத்திலேயே டாம் பிரேடியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது அவர் ஓடவில்லை, எறிந்துகொண்டிருந்தார். 2020இல் ஜோ பர்ரோவுக்கு நேர்ந்ததும் அப்படித்தான். 2023இல் ஆரன் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்தில், சில நிமிடங்களிலேயே சாக் ஆகி, அதாவது எறியும் முன்பே எதிராளியால் மடக்கப்பட்டு, குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார்.

ஓட்டத்துக்குப் பேர்போனவர்களுக்கும் இதே கதைதான். ராண்டல் கன்னிங்ஹாம் 1990இல் 942 யார்டு ஓடினார். அடுத்த வருடம் முதல் ஆட்டத்திலேயே, கிரீன் பே அணிக்கு எதிராகப் பாக்கெட்டுக்குள் நின்றிருந்தபோது முழங்கால் போனது, சீசனும் போனது. ஸ்டீவ் யங் எத்தனையோ பேரை ஏமாற்றி ஓடியவர். 1999இல் அவர் எறியப்போன நேரத்தில் அரிசோனா அணியின் ஏனியஸ் வில்லியம்ஸ் வந்து மோதியதில் தலையில் அடிபட்டது. யங் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். பால்டிமோரின் குவாட்டர்பேக் லாமார் ஜாக்சனின் 2021, 2022 சீசன்கள் இரண்டும் பாதியில் நின்றன. முதல் தடவை பந்தை எறிந்த மறுகணம் கணுக்காலில் அடி. இரண்டாம் தடவை சாக் ஆனதில் முழங்கால். இரண்டுமே அவருக்காக வகுத்த ஓட்டத்தில் நடந்தவை அல்ல.

ஏன் இப்படி என்று யோசித்தால் ஆச்சரியமில்லை. எறியும்போது கண் தூரத்தில் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர் மேல் இருக்கும். கால் தரையில் ஊன்றியிருக்கும், கை மேலே போயிருக்கும், விலாப்பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். முதுகுப் பக்கமிருந்து 120 கிலோ ஆள் வருவது தெரியவே தெரியாது. ஓடுகிறவருக்கோ மோத வருகிறவர் பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கிறார். ஒதுங்கலாம், எல்லைக்கோட்டைத் தாண்டிவிடலாம், தரையில் சறுக்கிவிடலாம்.

அதற்காக ஓட்டம் இலவசம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஓடும்போது வாங்குகிற அடி, பாக்கெட்டில் வாங்குகிற அடிக்குப் பதிலாக வருவதில்லை. அதற்கு மேலே வருகிறது. ஓடத் தெரிந்தவர் எப்படியும் தப்பித்துவிடலாம் என்று பந்தைக் கூடுதல் நேரம் கையில் வைத்திருப்பார், அதனால் சாக்கும் கூடும். 2022இல் சிகாகோவின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் 1,143 யார்டு ஓடினார். அதே சீசனில் 55 தடவை சாக் ஆனார். அணி 3 ஆட்டத்தில்தான் ஜெயித்தது, 14இல் தோற்றது. கேம் நியூட்டன் 2011இல் முதல் சீசனிலேயே ஓடி 14 டச் டவுன் போட்டவர், 2015இல் லீகின் மிகச் சிறந்த வீரர். அவ்வளவு பெரிய உடம்பு கொண்டவரே 30 வயதைத் தொடும்போது தோளும் பாதமுமாகத் தளர்ந்துபோனார். எந்த ஒரு அடியையும் காரணமாகக் காட்ட முடியாது. வருடக்கணக்கில் வாங்கிய அத்தனையும் சேர்ந்த கணக்கு அது.

விழத் தெரியாமல் ஓடுவது

ஓடத் தெரிந்த பலருக்கு ஓட்டத்தை முடிக்கத் தெரியாது. கபடியில் பாடிப்போகிறவர் எத்தனை பேரைத் தொட்டார் என்பதைவிட, எப்போது கோட்டுக்குத் திரும்பினார் என்பதில்தான் அவர் திறமை தெரியும். குவாட்டர்பேக்கும் அப்படித்தான். கூடுதலாக 2 யார்டுக்கு ஆசைப்பட்டு எதிரணித் தடுப்பின் ஒரு லைன்பேக்கரோடு தோள் மோதுவது, முதல் டவுனுக்கு (நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறுவதற்கு) அந்த 2 யார்டு தேவையில்லாதபோது, வீண்.

விதி என்ன சொல்கிறது? காலை முன்னே நீட்டிச் சறுக்கினால், சறுக்கத் தொடங்கிய இடத்திலேயே ஆட்டம் நின்றுவிடும். அதற்கப்புறம் அவரை இடித்தால் 15 யார்டு அபராதம். 2018இலிருந்து, தலை முன்னே போகும்படி பாய்ந்து தன்னை விட்டுக்கொடுப்பவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: பாக்கெட்டைத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டால், எறிபவருக்கென்று இருக்கும் தனிப் பாதுகாப்புகள் போய்விடும். சறுக்கும் வரை அவர் மற்ற எந்த ஓட்டக்காரரையும் போலத்தான். காலில் விழுந்தும் மடக்கலாம், முழு வேகத்தில் வந்தும் மோதலாம்.

அதனால் சறுக்குவது மட்டும் போதாது, சீக்கிரம் சறுக்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லின் டிரெவர் லாரன்ஸ் சறுக்கிக்கொண்டிருந்தபோது ஹூஸ்டனின் அசீஸ் அல்-ஷாயிர் முன்கையால் மோதினார். லாரன்ஸ் மைதானத்திலேயே அசைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்களால் மறக்க முடியாது. அல்-ஷாயிருக்கு 3 ஆட்டத் தடை விதித்தது லீக். அந்தத் தண்டனை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தண்டனை அடிபட்ட தலையைச் சரிசெய்யாது. மோத வருகிறவர் பாய்ந்து காற்றில் இருக்கும்போது சறுக்கத் தொடங்கினால், அவரே நினைத்தாலும் நிற்க முடியாமல் போகலாம். எதிராளி நாலைந்து யார்டு தள்ளி இருக்கும்போதே கீழே இருந்துவிட வேண்டும்.

இன்னொன்று, டச் டவுன் உறுதி என்று கடைசியில் வேகத்தைக் குறைப்பது. 2023இல் இண்டியானாபொலிஸின் ஆந்தனி ரிச்சர்ட்சன் தன் இரண்டாவது ஆட்டத்தில் ஹூஸ்டனுக்கு எதிராக ஓடிவந்து, கோட்டருகே தளர்ந்தார். இடி விழுந்தது, தலை தரையில் மோதியது. டச் டவுன் கிடைத்தது, ஆட்டத்தில் தொடர முடியவில்லை. சில வாரத்தில் டென்னசிக்கு எதிராக இன்னொரு ஓட்டத்தில் எறிகிற தோள் போய், முதல் சீசன் 4 ஆட்டத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 21.

புள்ளிவிவரத்தை அப்படியே நம்புவது

ஆட்டம் முடிகிற நேரத்தில் ஜெயிக்கிற அணியின் குவாட்டர்பேக் முழங்காலைத் தரையில் ஊன்றுவார் அல்லவா, அதையும் ஓட்டம் என்றுதான் எழுதுவார்கள், பெரும்பாலும் மைனஸ் 1 யார்டு. கல்லூரி ஆட்டத்தில் சாக் ஆன யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், என்.எஃப்.எல்லில் கழிப்பதில்லை. இது தெரியாமல் கல்லூரியில் குறைவாக ஓடியவர் இங்கே வந்து மாறிவிட்டார் என்று பேசுவது சரியாக இருக்காது.

எண்ணிக்கையைவிட வகைதான் முக்கியம். எறிய ஆள் கிடைக்காமல் ஓடுவது ஒரு வகை. பயிற்சியாளர் வகுத்துக் கொடுத்த ஓட்டம் இன்னொரு வகை. ஒரு யார்டுக்காக லைன்மேன்களுக்கு நடுவே நுழைகிற ஸ்னீக் மூன்றாவது. ஸ்னீக் ஆபத்தே இல்லாதது மாதிரி தெரியும். 2019இல் டென்வரில் கான்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸின் முழங்கால் சில்லு இடம் பெயர்ந்தது ஒரு ஸ்னீக்கில்தான். ஃபிலடெல்ஃபியா அணி, ஸ்னீக்கில் குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கும் முறையைக் கிட்டத்தட்டத் தடுக்க முடியாததாக்கியது. அதைத் தடை செய்ய 2025இல் அணிகள் வாக்களித்தபோது 22 வாக்கு கிடைத்தது, 24 தேவைப்பட்டது.

லாபத்தை யார்டில் மட்டும் அளப்பது

வழக்கமான ஓட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை, தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே இருக்கும் ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். தாக்குகிற பக்கம் 10 பேர், தடுக்கிற பக்கம் 11 பேர். குவாட்டர்பேக்கே ஓடக்கூடியவர் என்றால் அந்தக் கணக்கு சமமாகிவிடும். ரீட் ஆப்ஷனில் எதிரணியின் ஓரத்து ஆளை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் ரன்னிங் பேக்கை நோக்கிப் போனால் குவாட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவார். நின்று பார்த்தால் கொடுத்துவிடுவார். அந்த ஒரு ஆள் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும். 2019இல் பால்டிமோர் 3,296 யார்டு ஓடி என்.எஃப்.எல். சாதனை படைத்தது. ஜாக்சனின் பங்கு அதில் 1,206 என்று தாள் சொல்லும். மற்றவர்களுடைய யார்டுகளிலும் அவர் இருந்தார், அவர் ஓடிவிடுவாரோ என்று எதிராளி தயங்கிய அந்த அரை நொடியில்.

ஆனால் ஓட்டம் மட்டும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தாது. அதே சீசனின் நாக் அவுட் சுற்றான பிளேஆஃபில் டென்னசிக்கு எதிராக ஜாக்சன் 143 யார்டு ஓடினார். அணி 28-12 என்று தோற்றது.

எப்போது ஓடுவது என்று தெரிந்தவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. மஹோம்ஸ் அளவாக ஓடுபவர். 2023 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், சுளுக்கிய கணுக்காலோடு, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் 26 யார்டு ஓடினார். வெற்றிக்கான வழி அதில் திறந்தது. அதே ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவின் ஜேலன் ஹர்ட்ஸ் ஓடியே 3 டச் டவுன் போட்டார். ஓடும்போது யாரும் தட்டாமலே கையிலிருந்து பந்தை நழுவவும் விட்டார். எதிரணி அதை எடுத்து டச் டவுன் ஆக்கியது. 38-35இல் முடிந்த ஆட்டத்தில் அதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை. காயத்தைப் பற்றியே பேசுகிறவர்கள், இப்படிப் பந்தை நழுவவிடும் ஃபம்பிளை மறந்துவிடுகிறார்கள்.

அடிபட்டவரைத் திரும்ப அனுப்புவது

இருப்பதிலேயே கொடிய தவறு இதுதான், இது ஓடுகிறவருடைய தவறும் அல்ல. 2012இல் ராபர்ட் கிரிஃபின் வாஷிங்டனுக்கு வந்தார், 815 யார்டு ஓடினார், ஆண்டின் சிறந்த புது வீரர் ஆனார். டிசம்பரில் பால்டிமோருக்கு எதிராக ஓடி முடிக்கும்போது வலது முழங்காலில் அடி. ஒரு வாரம் ஓய்வு, பிறகு முட்டிக்குக் கவசம் போட்டுக்கொண்டு திரும்பினார். 2013 ஜனவரி 6, சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப். வாஷிங்டன் 14-0 என்று முன்னிலையில் இருந்தபோதே அவர் நொண்டத் தொடங்கிவிட்டார். டிவியில் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. “என்னால் முடியும்” என்று அவர் சொன்னார். 22 வயதுப் பையன் வேறு என்ன சொல்வான்? பயிற்சியாளர் மைக் ஷானஹன் ஆட விட்டார். நாலாவது கால் பகுதியில் ஸ்னாப், அதாவது நடு லைன்மேன் பின்னால் தருகிற பந்து, தாழ்வாக வந்தது. குனிந்து எடுக்கப் போனார், யாரும் தொடாமலே முட்டி மடங்கியது. இரண்டு தசைநார்கள் கிழிந்திருந்தன. ஆட்டம் 24-14 என்று தோல்வி. அதன் பிறகு எந்த சீசனிலும் அவர் 500 யார்டுகூட ஓடவில்லை.

அவரை ஓட்டம் அழித்தது என்று இன்றும் சொல்கிறார்கள். வெளியே உட்கார வைக்க வேண்டியவரை உள்ளே நிறுத்தியதுதான் அழித்தது என்பது என் எண்ணம்.

அதே வாஷிங்டனுக்கு 2024இல் ஜேடன் டேனியல்ஸ் வந்தார். 891 யார்டு ஓடினார், புது குவாட்டர்பேக் ஒருவர் ஓடியதில் அதுவே அதிகம். அணி 12 ஆட்டம் ஜெயித்தது. 2025 நவம்பரில், மறுபடியும் சியாட்டிலுக்கு எதிராக, 38-7 என்று பின்தங்கிய ஆட்டத்தின் நாலாவது கால் பகுதியில் அவர் இன்னும் களத்தில் இருந்தார். இடது முழங்கை பிசகியது. 31 புள்ளி பின்தங்கியபோதே மாற்று குவாட்டர்பேக்கை இறக்கியிருக்க வேண்டும்.