சளி என்று நினைத்தது சளியே இல்லை

மூன்று வாரமாக மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. சளிதான், தானாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் சாதாரண சளி பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் அடங்கிவிடும். எனக்கு அடங்கவே இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கவனித்துக் குறித்துவைத்தேன். காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகத் தும்மல். மேலண்ணத்தில் ஒரே அரிப்பு, நாக்கால் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கண்ணைக் கசக்கிக் கசக்கி இமை வீங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, உடம்பு வலி இல்லை. வீட்டை விட்டு வெளியே போய் ஒரு மணி நேரம் ஆனால் மூக்கு திறந்துவிடும்.

இது சளி இல்லை, ஒவ்வாமை (அலர்ஜி) என்பதற்கு இந்த அரிப்புதான் பெரிய துப்பு என்பேன். சளியில் தொண்டை வலிக்கும், உடம்பு அசதியாக இருக்கும். கண் இப்படி அரிப்பது அபூர்வம். மூக்கில் தண்ணீராக வருகிறதே என்று அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சளியிலும் முதலில் அப்படித்தான் வரும்.

குறிப்பை மருத்துவரிடம் காட்டினேன். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். தலையணை, படுக்கைத் தூசியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியால் வரும் ஒவ்வாமை என்று தெரிந்தது. இரவில் போட செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை எழுதித் தந்தார். பழைய தலையணையைத் தூக்கிப் போட்டேன். உறை, விரிப்பு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். சரியாக இரண்டு வாரத்தில் காலைத் தும்மல் ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டது.

காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் இப்படிக் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே போய்க் காட்டிவிடுங்கள்.