பேனலில் உட்கார்ந்து உயிரை வாங்கும் ஆப்லெட்டுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருப்பவர். இயங்குதளம் லினக்ஸ் மின்ட், அதன் திரை, சாளரம், பேனல் எல்லாவற்றையும் நடத்துவது சினமன் டெஸ்க்டாப். கீழே பேனலில் அவரே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஆப்லெட் (பேனலில் உட்காரும் சிறு நிரல்), அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டியது. இரண்டு நிமிடம் கழித்துத் திரை உறைந்தது. சுட்டி நகர்கிறது, எதைத் தட்டினாலும் அசைவில்லை.

"லினக்ஸ் இப்படித்தான் அண்ணே, அப்பப்ப மாட்டிக்கும்."

லினக்ஸ் இல்லை தம்பி, நீங்கள்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இப்படி எழுதுபவர்கள் செய்யும் தவறுகளைத்தான் கீழே சொல்கிறேன். அடைப்புக்குறியை மூடாமல் விட்டது, மாறியின் பெயரைத் தப்பாக எழுதியது எல்லாம் இங்கே வராது. அவற்றைக் கணினியே சொல்லிவிடும்.

பதில் வரும்வரை காத்து நிற்பது

சினமன் ஆப்லெட்டைப் பார்த்தால் தனி நிரல் போலத் தெரியும். உண்மையில் அது சினமனின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகிறது. சாளரங்களை நகர்த்துவது, மெனுவைத் திறப்பது, விசைகளைக் கவனிப்பது எல்லாம் அதே செயல்முறையின் அதே இழையில்தான் (த்ரெட்), ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 'இணையத்திலிருந்து பதில் வரட்டும், அப்புறம் அடுத்த வரி' என்று நீங்கள் எழுதினால் டெஸ்க்டாப் முழுவதும் சேர்ந்து காத்திருக்கும். தனி ஆளாகக் கோப்பிக்கடை பார்ப்பவர் பால் வாங்க எதிர் பிளாக்குக்குப் போனால் கல்லாவில் யார் இருப்பார்? சினமனை மறுதொடக்கம் செய்யும் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் வேண்டுமானால் அப்போது கைகொடுக்கலாம். அந்த விசைகளைக் கேட்பதற்கென்றே சினமனுக்கு வெளியே ஒரு சிறு நிரல் ஓடுகிறது.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்தபோது காற்று மாசைச் சொல்லும் பிஎஸ்ஐ அளவைக் காட்டும் ஆப்லெட் ஒன்று எழுதினேன். தரவை எடுக்க ஒரு சின்ன பைத்தான் கோப்பு, அதைக் கூப்பிட்டு முடியும்வரை நிற்கும் ஒரே வரி. என் வீட்டு ஃபைபர் இணைப்பில் பறந்தது. பெருமை தாங்காமல் மச்சானின் கணினியிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் அவர் வேலைக்கான விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது இணைப்பு தள்ளாடியது, திரை நின்றது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மின்விசையை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார். சேமிக்காத இரண்டு மணி நேர வேலை போயிற்று. குடும்ப விருந்துகளில் இன்றும் "என்ன, புகை போயிடுச்சா?" என்று கேட்கிறார்.

என் குற்றம் இரண்டு. ஒன்று, பெயர் 'சிங்க்' என்று முடியும் செயற்கூற்றைப் (ஃபங்ஷன்) பயன்படுத்தியது. முன்னால் ஓர் 'ஏ' சேர்ந்த 'ஏசிங்க்' வகையில், பதில் வந்ததும் கூப்பிட ஒரு செயற்கூற்றை வாங்கிக்கொள்வதைத்தான் எடுக்க வேண்டும். அது வேலையைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும், பதில் வந்ததும் நீங்கள் சொன்ன செயற்கூற்றைக் கூப்பிடும். இரண்டு, இணையத்திலிருந்து தரவை எடுத்துத் தரும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்குக் காலக்கெடு சொல்லாமல் விட்டது. நாமாகச் சொல்லாவிட்டால் அதற்குக் கெடு கிடையாது, எவ்வளவு நேரமானாலும் நிற்கும். ஐந்து வினாடி போதும்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், கிடைக்கிற மாதிரி நிரல்களில் பாதி இந்தச் 'சிங்க்' வரியோடுதான் இருக்கின்றன. ஒரே வரியில் முடிகிறதே என்று எல்லோரும் நகலெடுக்கிறார்கள். கேட்டால் "வைஃபையை அணைத்துச் சோதித்துவிட்டேன்" என்கிறார்கள். வைஃபையை அணைத்தால் உடனே பிழை வந்துவிடும், அதில் ஒன்றும் தெரியாது. இணைப்பு கிடைத்து, எதிர்ப்பக்கம் வாயைத் திறக்காமல் இருக்கும்போதுதான் உறையும். இணைப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கக்கூடிய நெட்கேட் என்ற சிறு கருவியை ஒரு போர்ட்டில் கேட்க வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், ஆப்லெட்டின் முகவரியை அங்கே திருப்புங்கள். அரை நிமிடத்தில் வண்டவாளம் தெரிந்துவிடும். தம்பிக்கும் அன்று அதைத்தான் செய்து காட்டினேன்.

நிறுத்தாத டைமர்

தரவை அடிக்கடி புதுப்பிக்க ஆப்லெட்டில் டைமர் வைப்போம். ஆப்லெட்டைப் பேனலிலிருந்து எடுத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். சோதிக்கும்போது இருபது முறை மறுபடி ஏற்றினால் இருபது டைமர். நீக்கும்போது அழைக்கப்படும் செயற்கூற்றில் அதையும் நிறுத்துங்கள்.

பேருந்து நிறுத்த எண்ணை எண்ணாக வைப்பது

நம் நிறுத்தங்களின் குறியீடு ஐந்து இலக்கம். நகர மையத்தில் பல 0 என்று தொடங்கும். 01012 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் பைத்தான் பிழை என்று திட்டும், பரவாயில்லை. ஜாவாஸ்கிரிப்டின் தளர்ந்த முறையோ அதை எட்டடிமான எண்ணாக எடுத்து 522 ஆக்கிவிட்டு வாயே திறக்காது. அது எண் இல்லை, பெயர். மேற்கோள்குறிக்குள், எழுத்துச் சரமாகவே வையுங்கள்.

தமிழை எண்ணி வெட்டுவது

'சிராங்கூன்' நமக்கு ஐந்து எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியாக எண்ணும் பைத்தானுக்குப் பத்து. பேனலில் இடம் போதாது என்று முதல் ஐந்தை வெட்டினால் 'சிராங' என்று நிற்கும். சுருக்கும் வேலையை, எழுத்துகளை வரையும் பேங்கோவிடமே விடுங்கள்.

ஏபிஐ விசையைக் கிட்டில் ஏற்றுவது

ஏபிஐ விசை என்பது தரவுச் சேவை உங்களுக்குத் தரும் ரகசியக் குறியீடு. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் (கமிட்) கிட் சேமித்து வைப்பதால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். புது விசை வாங்குங்கள்.

உரிமம் போடாமல் விடுவது

மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் போடாவிட்டால் அது ஓப்பன் சோர்ஸ் இல்லை.