மூன்று மாத ஹார்மோன் ஊசியை அரசுத் திட்டத்தில் கேட்டுப் பெறுவது எப்படி: மும்பைத் தமிழர்களுக்கு

ஹார்மோன் ஏற்பி உள்ள வகை (பெண் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளரும் வகை) மார்பகப் புற்றுநோய் வந்து, மாதவிடாய் இன்னும் நிற்காத பெண்களுக்குச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக முடக்கி வைக்கும் ஊசியை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. கோசெரலின், லூப்ரோலைடு, டிரிப்டோரெலின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கோசெரலினில் 28 நாளுக்கு ஒருமுறை போடும் 3.6 மில்லிகிராம் ஊசியும், 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் 10.8 மில்லிகிராம் ஊசியும் இருக்கின்றன. உதவித் திட்டங்களின் பட்டியல்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே எழுதப்படுவதால், புராஸ்டேட் புற்றுநோய்க்கு எளிதில் கிடைக்கும் நீண்டகால ஊசி மார்பகப் புற்றுநோய்க்குக் கிடைக்காமல் போகலாம். சிகிச்சை ஐந்து ஆண்டு நீடித்தால் மாத ஊசிக்கு ஏறத்தாழ 65 முறை செல்ல வேண்டும். மூன்று மாத ஊசிக்கு 22 முறை போதும். தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்களின் கூலி.

ஆயினும் ஒரு நோய்க்குக் கிடைக்கும் ஊசி இன்னொரு நோய்க்குக் கிடைக்காத இந்த வேறுபாட்டுக்கு அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று நினைத்துக்கொண்டு சண்டைக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் 10.8 மில்லிகிராம் கோசெரலின் ஊசியுடன் வரும் அதிகாரப்பூர்வக் குறிப்புத்தாள், பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை அது உறுதியாக அடக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறுகிறது. மறுபுறம், மாதவிடாய் நிற்காத, முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களிடம் டமாக்சிஃபெனுடன் (ஈஸ்ட்ரோஜன் புற்றுசெல்லில் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை) இரு அளவுகளையும் கொடுத்து ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, மூன்று மாத ஊசி மாத ஊசிக்குச் சளைத்ததன்று என்று காட்டியது. எனவே முதல் கேள்வியை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்: என் நிலைக்கு மூன்று மாத ஊசி பொருந்துமா?

டமாக்சிஃபென் எடுப்பவருக்கும், லெட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேன் எடுப்பவருக்கும் இதற்கான பதில் வேறுபடலாம். பின்னவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் மாத்திரைகள். அவை சினைப்பை முழுவதும் அடங்கியிருந்தால் மட்டுமே சரியாக வேலை செய்யும். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களும் கீமோ எடுக்காதவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஊசி மாறிய பிறகு எஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸிமெஸ்டேன் எடுப்பவர்களுக்குச் சாதாரண ஆய்வகங்கள் செய்யும் இம்யூனோஅஸ்ஸே முறை பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டக்கூடும் என்பதால், இன்னும் துல்லியமான மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். மாதவிடாய் திரும்ப வந்தால் அடுத்த தேதி வரை காத்திராமல் உடனே தெரிவிக்க வேண்டும்.

மருத்துவர் சம்மதித்த பிறகுதான் திட்டத்தின் பக்கம் போக வேண்டும். மகாராஷ்டிராவில் மாநில அரசின் மருத்துவக் காப்புத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே ஜன் ஆரோக்கிய யோஜனாவும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் இணைந்து நடக்கின்றன. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பு உண்டு. 2023-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு மஞ்சள், ஆரஞ்சு ரேஷன் கார்டுகளுடன் வெள்ளைக் கார்டும் இதற்குள் வந்தது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் ஆரோக்கிய மித்ரா என்ற உதவியாளர் இருப்பார். அவரிடம் ரேஷன் கார்டு, ஆதார், பயாப்ஸி (திசுப் பரிசோதனை) அறிக்கை, ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கொடுங்கள். தமிழ்நாட்டு ரேஷன் கார்டை மட்டுமே வைத்திருப்பவர்கள், ஆயுஷ்மான் பட்டியலில் தங்கள் குடும்பம் இருக்கிறதா என்று 14555 எண்ணில் கேட்டறியலாம். இருந்தால் மும்பையிலும் அந்த அட்டை செல்லும்.

கோரிக்கைகள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். இத்திட்டங்கள் உள்நோயாளிக்கும் பகல்நேரச் சிகிச்சைக்கும் பணம் தருகின்றன. வெறும் வெளிநோயாளிச் சீட்டுக்குத் தருவதில்லை. ஊசி போட ஐந்து நிமிடம்தானே என்று வெளிநோயாளிப் பிரிவிலேயே போட்டுவிட்டால் பணம் உங்கள் கையிலிருந்து போகும். எனவே ஊசியைப் பகல்நேரச் சிகிச்சையாகப் பதியச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து திட்டத்துக்கு முன் அனுமதிக் கடிதம் போகும்போது மருந்தின் பெயர், மில்லிகிராம், "84 நாளுக்கு ஒருமுறை", மாத ஊசிக்குப் பதிலாக இதைத் தேர்ந்த மருத்துவக் காரணம் ஆகிய நான்கும் மருத்துவரின் கையெழுத்துடன் இருக்கட்டும். "மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்று எழுதினால் 90 அல்லது 92 நாள் ஓடிவிடும். மருந்தின் கணக்கோ 84 நாள். மாத ஊசிக்கும் இதே கதைதான்: ஒவ்வொரு மாதமும் அதே தேதி என்று வைத்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். அனுமதி வரத் தாமதமாகும் என்பதால், தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஆரோக்கிய மித்ராவுக்கு நினைவூட்டுவது நல்லது.

"பேக்கேஜில் (திட்டம் பணம் தரும் சிகிச்சைகளின் பட்டியலில்) இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தப் பட்டியலின் எந்தக் குறியீட்டின் கீழ் மறுத்தார்கள் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கும், பிறகு மாநிலக் குழுவுக்கும் போக முடியும். முடிவு வரும்வரை மாத ஊசியை நிறுத்தக் கூடாது.

இதற்கிடையே, "சினைப்பையை எடுத்துவிட்டால் ஊசியே வேண்டாம்" என்ற யோசனையும் வரலாம். அது ஏற்கத்தக்க மருத்துவ முறைதான். ஆனால் திரும்பப் பெற முடியாதது. திட்டம் ஊசியை மறுத்தது என்ற ஒரே காரணத்துக்காக அதற்குத் தலையாட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொந்தப் பணத்தில் வாங்க நேர்ந்தால் அளவில் கவனம் தேவை. லூப்ரோலைடில் 3.75 மில்லிகிராம் மாத ஊசி, 11.25 மூன்று மாத ஊசி, 22.5 புராஸ்டேட் புற்றுநோய்க்கான மூன்று மாத அளவு. கோசெரலினில் 10.8 இல்லை என்பதற்காக மூன்று 3.6 ஊசிகளை ஒன்றாகப் போட்டால் மருந்து மூன்று மாதம் நிற்காது, ஏனெனில் ஒவ்வொன்றும் 28 நாளில் கரையும்படியே செய்யப்பட்டது. லூப்ரோலைடு 2022-இல் மத்திய அரசு உச்சவிலை வைக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்ததால், கடைக்காரர் சொல்லும் விலையை அரசின் 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் சரிபார்க்கலாம். கோசெரலினை 25 டிகிரிக்குக் கீழ் வைக்க வேண்டும். ஊசி போடும் நாளன்று காலையில் வாங்கி, உறையைப் பிரிக்காமல் செவிலியரிடம் கொடுங்கள்.