பெயர் கைக்கு வருமுன் பில் போடாதீர்கள்: டொமைன் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஃபீனிக்ஸ் பகுதியில் புதிதாக வெப்சைட் தொழில் தொடங்கிய ஒரு தம்பி, தான் போட்ட பில்லைக் காட்டினார். ‘டொமைன் பதிவு, முழுத்தொகை பெறப்பட்டது’ என்று இருந்தது. அந்த டொமைனோ, அதாவது இணையதள முகவரிப் பெயரோ, அன்றைக்கு வேறொருவர் கையில். பத்து வருடத்துக்கு முன் நான் போட்ட அதே பில்! எழுத்துப்பிழையோடு பதிவது, புதுப்பிக்க மறப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிடைக்குமா என்றே தெரியாத பெயரை விற்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. டர்பனிலேயே சாட்ஸ்வர்த் பகுதியில் பலகாரக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, தீபாவளிக்குள் கடைப் பெயரில் டாட் காம் வேண்டும் என்றார். அது காலாவதியாகி, பழைய உரிமையாளர் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய மீட்புக் காலத்தில் இருந்த பெயர். அவர் எடுக்காவிட்டால் அது விழும், அதாவது யார் வேண்டுமானாலும் பதியலாம். “கொஞ்ச நாளில் விழுந்துவிடும், பிடித்துவிடலாம் அக்கா” என்று சொல்லி, கார்டில் 2,400 ரேண்ட் வாங்கி, பில்லும் கொடுத்தேன். அந்தப் பணம் அன்றே என் சர்வர் வாடகைக்குப் போய்விட்டது.

டாட் காம் பெயர் காலாவதியான அன்றே விழாது. பெயரைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை புதுப்பிக்க அவகாசம் உண்டு. நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம். அதற்குள் பழைய உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த 5 நாளில்தான் அவராலும் மீட்க முடியாது. சரி, அதுவும் முடிந்து பெயர் விழுந்தால்? அந்த நொடியில் பிடிக்க எத்தனையோ நிறுவனங்களின் நிரல்கள் காத்திருக்கும். எந்தக் கட்டத்திலும் ‘கிடைத்துவிடும்’ என்று சொல்ல எனக்கு முகாந்திரமே இல்லை.

நான்காவது வாரம் பழைய உரிமையாளர் மீட்டுவிட்டார். அக்கா அதற்குள் பலகாரப் பெட்டிகளில் எல்லாம் அந்தப் பெயரை அச்சடித்திருந்தார். “கிடைச்சிடும்னு நீதானே சொன்னே தம்பி?” என்று மட்டும் கேட்டார். கடன் வாங்கித்தான் பணத்தைத் திருப்பினேன். கார்டு கமிஷன் எனக்குத் திரும்பவில்லை. பெட்டிச் செலவை மூன்று தவணையில் கொடுத்தேன்.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 47ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கொடுப்பேன் என்று சொல்ல நியாயமான அடிப்படை இல்லாத பொருளுக்கோ சேவைக்கோ பணம் வாங்கக் கூடாது என்கிறது.

இப்போது நான் வாங்குவது இரண்டு தொகை. ஒன்று, முயற்சிக்கான சிறு கட்டணம். பெயர் கிடைக்காவிட்டாலும் திரும்பாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவேன். மற்றது பெயருக்கான முன்பணம். அது தனி வங்கிக் கணக்கில் கிடக்கும், கைபடாது. குறித்த தேதிக்குள் பெயர் வராவிட்டால் முழுவதும் திரும்பும். பெயர் கணக்கில் ஏறிய பிறகுதான் பில். ‘அதுவரை எதிலும் அச்சடிக்க வேண்டாம்’ என்பது நான் கொடுக்கும் முன்பணச் சீட்டின் முதல் வரி.

பணம் அனுப்பிய சீட்டின் படத்தை நம்புவது

கணக்கில் ஏறினால்தான் பணம்.

வந்த வழியை விட்டு வேறு வழியில் திருப்புவது

கார்டில் வாங்கியதை ஈ.எஃப்.டி.யில், அதாவது வங்கிக் கணக்குக்கு நேரடியாகத் திருப்பினால், அதே ஆள் தன் வங்கியில் புகார் கொடுத்து கார்டுத் தொகையையும் எடுத்துக்கொள்ள முடியும். ஒரே பணம் இரண்டு முறை போகும். கார்டில் வந்தது கார்டுக்கே போகட்டும்.

பதிந்த பெயருக்கும் பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுப்பது

டாட் காமில் புதிதாகப் பதிந்து 5 நாளுக்குள் ரத்து செய்தால், டாட் காம் பெயர்களை எல்லாம் நிர்வகிக்கும் பதிவகம் கட்டணத்தைத் திருப்பும். ஆனால் அது பதிவாளருக்கு. அவர் உங்களுக்குத் தருவாரா என்பது அவருடைய விதி. தென்னாப்பிரிக்காவின் டாட் கோ டாட் இசட்ஏ பெயர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அதற்கு விதிகள் தனி.

ரேண்டில் சொன்ன விலைக்குக் கெடு வைக்காதது

பெயரை டாலரில் வாங்குகிறோம், ரேண்டின் மதிப்போ மாறிக்கொண்டே இருக்கும். சொன்ன விலைக்குக் கெடு 24 மணி நேரம், அதற்குமேல் வேண்டாம்.

ஃபீனிக்ஸ் தம்பி அந்தப் பில்லை ரத்து செய்து, முன்பணச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பெயர் இன்னும் விழவில்லை.