சின்னக் காரை வேகக் காராக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் நான் வழக்கமாகச் செல்லும் டயர் கடைக்குச் சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரைக் கொண்டு வந்திருந்தார். பழைய காராக வாங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்த அந்த வண்டியில் பளபளப்பான கறுப்பு அலாய் வீல்கள் புதிதாக ஏறியிருந்தன. 90 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, மூன்று முறை பேலன்சிங் பார்த்தும் தீரவில்லை என்று அவர் கடைக்காரரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். 2018-இல் நானும் இதே போலோவோடு, இதே முறையீட்டோடுதான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அவருடைய வண்டியின் ஒரு வீல் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். நான் எதிர்பார்த்த அடையாளம் அதில் அப்படியே இருந்தது. அன்று இரவே இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கினேன்.

ஜி.டி. டி.எஸ்.ஐ. இந்தியாவுக்கு 2013-இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி என்று இவ்வளவையும் நான்கு மீட்டருக்குள் அடங்கும் உடலில் வைத்துத் தந்ததால்தான் இன்றும் பலர் இதைத் தேடி வாங்குகிறார்கள். 2022-இல் போலோவின் விற்பனை இந்தியாவில் நின்றுவிட்டது. ஆகவே இனி யார் வாங்கினாலும் அது பிறர் ஓட்டிய கார்தான். டயரில் காற்று பார்ப்பது, உரிய காலத்தில் ஆயில் மாற்றுவது போன்றவற்றை இதைத் தேடி வாங்குபவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

பழைய பாக்கியைத் தீர்க்காமல் சக்தியைக் கூட்டுவது

கார் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே ரீமேப் செய்துகொள்ளும் ஆசை பலருக்கு வருகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றி, டர்போ தரும் காற்றழுத்தத்தை உயர்த்தினால் முறுக்குவிசை 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும் என்பது உண்மைதான். ஆனால் முந்தைய உரிமையாளர் எந்த ஆயிலை ஊற்றினார், ஸ்பார்க் பிளக்கை எப்போது மாற்றினார், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எதுவும் தெரியாத நிலையில் கூட்டப்படும் சக்தி, ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் பாகத்தைத்தான் முதலில் போய்த் தாக்கும். இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், காற்று நுழையும் வால்வுகளின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதில்லை; ஓடிய தூரம் கூடக்கூட அங்கே கரி படிகிறது. அந்தக் கரியை எடுத்து, வி.டபிள்யூ. 502 00 தர எண் அச்சிடப்பட்ட ஆயிலை ஊற்றி, பிளக்குகளையும் மாற்றிய பிறகு அதே கார் எவ்வளவு துடிப்பாக ஓடுகிறது என்று பாருங்கள். ரீமேப் தேவையா என்ற கேள்வியை அதன் பிறகு எழுப்பினால் போதும்.

டி.எஸ்.ஜி. பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. உலர் கிளட்ச் இரண்டைக் கொண்ட இந்த ஏழு கியர் பெட்டி 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்று வடிவமைக்கப்பட்டது. காந்திபுரம் சிக்னலில் பிரேக்கைப் பாதி அழுத்தி, வண்டியை அங்குலம் அங்குலமாக நகரவிடுபவருக்கு, ரீமேப் இல்லாமலேயே கிளட்ச் சூடாகித் தேய்ந்துவிடும். முன்னால் போதிய இடம் விழும்வரை பிரேக்கை முழுவதுமாக அழுத்தி நின்று, பிறகு ஒரே நகர்வாக நகர வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் அறவே கூடாது.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது

செய்யாதீர்கள்.

பொருந்தாத அலாய் வீல்

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 2018-இல் பதினாறு அங்குல அலாய் வீல்கள் நான்கை வாங்கினேன். ஐந்து துளைகளும் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருந்தன. போலோவுக்கும் அதே அளவுதான். "அளவு சரியாக இருக்கிறது சார், அப்படியே உட்காரும்" என்றார் விற்றவர். உண்மையிலேயே அப்படியே உட்கார்ந்தது. ஏர் கன்னால் முறுக்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் அவிநாசி பைபாஸில் 90-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது.

அதன் பிறகு ஐந்து மாதங்கள் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கைக்காசு போயிருக்கிறது. நான்கு முறை பேலன்சிங் பார்த்தேன். இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தேன். டயரில்தான் கோளாறு என்று ஒருவர் சொன்னதால் முன்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றினேன். ஸ்டீயரிங் ராக் போயிருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்டு அதையும் கழற்றிப் பார்க்கவைத்தேன். கடைசியில் முன் இடது பேரிங் இரையத் தொடங்கியது. இவ்வளவு நடந்தும் வீலைப் பொருத்திய முறையை ஒருவரும் சந்தேகிக்கவில்லை, நானும் சந்தேகிக்கவில்லை.

பேரிங் மாற்றிக்கொடுத்த வயதான மெக்கானிக் ஒருவர்தான் ஒரு போல்ட்டைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் என் கையில் வைத்தார். போல்ட் தலைக்குக் கீழே, வீலோடு அழுந்தும் பகுதியில், நூல் கனத்தில் ஒரே ஒரு வளையம் மட்டும் வெள்ளியாகத் தேய்ந்திருந்தது. அதற்கு மேலும் கீழும் இருந்த பரப்பு, கம்பெனியிலிருந்து வந்த நாளில் இருந்ததைப் போலவே மங்கலாக இருந்தது. "இத்தனை நாளும் இந்த ஒரு கோடுதான் தம்பி வண்டியைத் தாங்கியிருக்கு" என்றார். வீலின் துளையைக் காட்டினார். அலுமினியம் அந்தக் கோட்டின் அளவுக்கு உள்ளே அமுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது.

காரணம் எளிது. போலோவோடு வரும் வீல் போல்ட்டின் அழுந்து பகுதி உருண்டையாக, பந்தின் ஒரு பகுதியைப் போல இருக்கும். கம்பெனி வீலின் துளையிலும் அதற்கேற்ற குழிவு இருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றின் துளை, புனலைப் போல நேராகச் சரிந்த கூம்பு வடிவில் இருக்கும். உருண்டையைக் கூம்புக்குள் இறக்கினால் இரண்டும் ஒரு வட்டக் கோட்டில் மட்டுமே தொடும். 120 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுகிய விசை முழுவதும் அந்தக் கோட்டிலேயே இறங்கி, அலுமினியத்தை நசுக்குகிறது. நசுங்க நசுங்க இறுக்கம் தளர்கிறது. தளர்ந்த போல்ட்டோடு நெடுஞ்சாலையில் ஓடும் சக்கரத்துக்கு அடுத்து என்ன நேரும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

இதோடு நடுத்துளைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. போலோவின் ஹப், அதாவது வீல் பொருந்தும் அச்சு முனை, 57.1 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. நான் வாங்கிய வீலின் நடுத்துளையோ 73.1 மில்லிமீட்டர். கம்பெனி வீலில் ஹப்பின் விளிம்புதான் சக்கரத்தை மையத்தில் பிடித்துவைக்கிறது. என் வீலிலோ சுற்றிலும் எட்டு மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தது. மையப்படுத்தும் வேலை முழுவதும் போல்ட்டுகளின் மேல் விழுந்தது. அவையும் ஒழுங்காக உட்காராதவை. பேலன்சிங் இயந்திரம் வீலை அதன் நடுத்துளை வழியாகப் பிடித்துச் சுற்றுகிறது என்பதால், அங்கே எல்லாம் பூஜ்யம் என்று காட்டும். காரில் ஏற்றியதும் அதே வீல் மையம் விலகிச் சுற்றும். நான்கு முறை பேலன்சிங் பார்த்தும் எனக்குத் தீராததற்கும், அந்த இளைஞருக்கு மூன்று முறை பார்த்தும் தீராததற்கும் விளக்கம் இதுதான்.

பேரிங் போனதற்குக் காரணம் ஆஃப்செட், அதாவது ஹப்போடு ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம். கம்பெனி வீலில் ஈ.டி. 40 என்று இருக்கும் இடத்தில், நான் வாங்கியதன் பின்புறத்தில் 25 என்று வார்க்கப்பட்டிருந்தது. சக்கரத்தின் நடுக்கோடு 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போய்விட்டது என்று பொருள். பார்வைக்கு அகலமாக, உறுதியாகத் தெரிந்தது. எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் நெம்புகோல் நீண்டால் விசை பெருகும் அல்லவா? ஒவ்வொரு குழியிலும் வேகத்தடையிலும் பேரிங்கின் மேல் விழும் சுமை அவ்வாறே கூடியது.

ஆகவே வீல் வாங்கும்போது துளை வட்டத்தை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். வீலைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் வார்க்கப்பட்டிருக்கும் அகலம், ஆஃப்செட், சுமை அளவு ஆகியவற்றை நீங்களே படியுங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் 57.1-க்குக் குறைக்கும் ஹப் வளையம் நான்கையும் அதே நாளில் வாங்குங்கள். போல்ட்டின் அழுந்து பகுதியின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பாருங்கள்: கூம்பாக இருந்தால் ஸ்கேல் முழுவதும் ஒட்டி நிற்கும், உருண்டையாக இருந்தால் நடுவில் மட்டும் தொட்டு, இரு முனைகளிலும் வெளிச்சம் தெரியும். அதிலும் ஐயம் இருந்தால், அந்தப் பகுதியில் மார்க்கர் பேனாவால் மை பூசி, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். மை பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. கோடாக அழிந்திருந்தால் வேறு போல்ட் வேண்டும்.

போல்ட்டின் நீளத்தையும் பாருங்கள். புதிய வீலின் கனம் கூடுதலாக இருந்தால் ஹப்புக்குள் ஏறும் மரை குறைந்துவிடும். கையால் திருகும்போது ஏழு சுற்றாவது ஏற வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. மிக நீளமாக இருந்தால் பின்சக்கரத்தின் டிரம் பிரேக்குக்குள் நுழைந்து உரசும். ஏர் கன்னால் முடுக்கிவிட்டு அனுப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஒரு நல்ல டார்க் ரெஞ்சின் விலை, நான் வீணாக மாற்றிய இரண்டு டயர்களின் விலையில் பாதிகூட இல்லை.

டயரின் மொத்த உயரத்தைக் கணக்கிடாமல் இருப்பது

போலோ ஜி.டி.யோடு வந்த 185/60 ஆர்15 டயரின் வெளிவிட்டம் 603 மில்லிமீட்டர். 205/50 ஆர்16 போட்டால் 611. பெரிய வேறுபாடு இல்லை. 195/60 ஆர்16 போட்டால் 640. ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், உள்வளைவில் உரசும், முதல் கியரின் துடிப்பும் போய்விடும்.

திறந்த ஏர் ஃபில்டர்

சத்தம் கூடும். எஞ்சினின் சூடான காற்றை அது உறிஞ்சுவதால் சக்தி கூடாது.

பிரேக்கைக் கடைசிக்குத் தள்ளுவது

சக்தி, தோற்றம், சத்தம் எல்லாம் முடிந்து, பணம் மிஞ்சினால் பிரேக் என்ற வரிசையைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி முடிப்பதற்குள் இந்த வரிசை எவ்வளவு தவறானது என்று தெரிந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கக்கூடும். தொடர்ந்து பிரேக் அடித்து இறங்கும்போது கேலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால், பெடல் பஞ்சைப் போலத் தரைவரை போய்விடும். எனக்கு ஒரு முறை அப்படிப் போனது. அப்போது வளைவு ஏற்றமாகத் திரும்பியதால் தப்பினேன். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுவதும், தரமான பிரேக் பேட் போடுவதும், மலை இறக்கத்தில் டி.எஸ்.ஜி.யைக் கைமுறைக்கு மாற்றிக் கீழ் கியரில் இறங்குவதும் போதும். பெரிய டிஸ்க் தேடி அலைய வேண்டியதில்லை.

மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் வாழ்ந்த ஊர் எங்கள் கோயம்புத்தூர். அவர் பெயரைத் தாங்கிய செட்டிபாளையம் பந்தயத் தளத்தில், என் போலோவைவிடச் சக்தி குறைந்த கார்கள் வளைவுகளில் என்னை முந்திச் செல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிரேக்கும் டயரும் ஒழுங்காக இருந்தவை அவை.

ஆவணங்களைப் பொருட்படுத்தாமல் இருப்பது

தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது. செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களாகக் கண்டுபிடிக்கும்போது இழப்பீடு கேட்கும் உங்கள் நிலை பலவீனமாகிவிடும்.

ஸ்டெப்னியை மறப்பது

புதிய அலாய் வீலுக்காகக் கூம்பு போல்ட்டுக்கு மாறிவிட்டீர்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியோ கம்பெனி இரும்பு வீல். அதற்கு உருண்டை போல்ட்தான் பொருந்தும். இரவு பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் பஞ்சரானால், கையில் இருக்கும் கூம்பு போல்ட்டுகளால் அதை மாட்டிவிட்டு, தவிர்க்க நினைத்த அதே தவறைத் தலைகீழாகச் செய்வீர்கள். பழைய உருண்டை போல்ட்டுகளில் ஐந்தை ஒரு துணிப்பையில் கட்டி, ஸ்டெப்னியின் நடுக்குழியில் வைத்திருங்கள். அந்த இளைஞரின் உருண்டை போல்ட்டுகள் கூம்புத் துளையில் ஏற்கெனவே கோடு விழுந்து தேய்ந்திருந்தன.  என்னிடம் மிச்சமிருந்த ஐந்தை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.