பச்சிளங்குழந்தை நர்ஸ் பிராக்டிஷனர் தேர்வு: அனுபவசாலிகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளுக்கான நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது சிகிச்சை முடிவுகளைத் தாமே எடுக்கும் உயர்நிலைச் செவிலியராக, பணியாற்ற விரும்புவோர், அதற்குரிய முதுநிலைப் படிப்பை முடித்தபின் நேஷனல் சர்டிஃபிகேஷன் கார்ப்பரேஷன் நடத்தும் சான்றிதழ்த் தேர்வை எழுதுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் 175 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்களும் இதில் தடுமாறுவதுண்டு. அந்த அனுபவத்தைத் தவறான இடத்தில் நம்புவதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

செவிலியராக இருக்கும்போது, குழந்தையின் நிலையில் மாற்றம் கண்டால் மருத்துவருக்குத் தெரிவிப்பது சரியான செயல். இந்தத் தேர்விலோ முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். வென்டிலேட்டரில் உள்ள குழந்தையின் ரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் 7.22, கார்பன் டை ஆக்சைடு 62, பைகார்பனேட் 25 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் இயல்பாக இருப்பதால் இது சுவாசக் கோளாறால் அண்மையில் ஏற்பட்ட அமிலத்தன்மை. சுவாசக் குழாய் சரியான இடத்தில் உள்ளதா, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபின், சுவாச எண்ணிக்கையையோ அழுத்தத்தையோ கூட்டுவதுதான் விடை. ஆக்சிஜனைக் கூட்டுவதும் பைகார்பனேட் கொடுப்பதும் விடைகளின் வரிசையில் கவர்ச்சியாக நிற்கும். ஆனால் இரண்டுமே தேங்கிய கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றாது.

அடுத்த தவறு, தங்கள் மருத்துவமனையின் வழக்கத்தையே நாட்டின் நெறிமுறையாகக் கருதுவது. "எங்கள் பிரிவில் இப்படித்தான் செய்வோம்" என்பது தேர்வில் செல்லாது. 35 வாரமும் அதற்கு மேலும் கருவில் வளர்ந்து பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலை குறித்து 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதலை, அமெரிக்கக் குழந்தைநல அகாடமி 2022இல் திருத்தியமைத்து, ஒளி சிகிச்சை தொடங்குவதற்கான பிலிருபின் (மஞ்சள் நிறத்தை உண்டாக்கும் பொருள்) அளவுகளை உயர்த்தியது. சீனியர் ஒருவர் அன்போடு கொடுத்த பழைய புத்தகத்தில் இருப்பது 2004இன் வரைபடமாகவே இருக்கலாம். நேஷனல் சர்டிஃபிகேஷன் கார்ப்பரேஷன் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைச் செவிலியர்களுக்கென வேறொரு தேர்வையும் நடத்துகிறது. அதற்கான கையேட்டைப் படித்துவிட்டு இந்தத் தேர்வுக்குச் செல்வோரும் உண்டு.

கருவில் உறுப்புகள் உருவாவதை விளக்கும் கருவியலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பது பரவலான பழக்கம். குடல் வெளியே தள்ளியபடி பிறக்கும் வயிற்றுச் சுவர்க் குறைபாடுகளில் ஆம்ஃபலோசீல் சவ்வால் மூடப்பட்டிருக்கும், காஸ்ட்ரோஸ்கைசிஸுக்குச் சவ்வு இல்லை என்பது வார்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் முன்னதில்தான் குரோமோசோம் கோளாறுகளையும் இதயக் குறைபாடுகளையும் அதிகமாகத் தேட வேண்டும் என்பதும், பெரிய நாக்கும் குறைந்த சர்க்கரையும் சேர்ந்திருந்தால் பெக்வித்–வீடமன் நோய்க்குறியை (உடல் மிகையாக வளரும் மரபணுக் கோளாறு) நினைக்க வேண்டும் என்பதும் படித்தால்தான் கைவரும். மருந்தியலுக்கும் இது பொருந்தும்.

கணக்கை மென்பொருள் போட்டுத் தருவதால் சூத்திரங்களை மறந்துவிடுவோர் பலர். 1.5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) மணிக்கு 5 மில்லிலிட்டர் செல்கிறது எனில், 10ஐ 5ஆல் பெருக்கி, எடையின் ஆறு மடங்கான 9ஆல் வகுக்க வேண்டும்; நிமிடத்துக்குக் கிலோவுக்குச் சுமார் 5.6 மில்லிகிராம் குளுக்கோஸ் செல்வது தெரியும். இதைக் கையால் போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மாதிரி வினாக்களை ஆயிரக்கணக்கில் தீர்ப்பதில் பயனுண்டு. விடையை மட்டும் மனப்பாடம் செய்வதில்தான் ஆபத்து. வினாவில் வரும் கருக்கால வாரத்தையும் பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. மூன்றாம் நாளில் தோன்றும் மஞ்சள் நிறம் இயல்பானதாக இருக்கலாம். பதினெட்டாம் மணியில் தோன்றினால் அதை நோயாகவே கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். பச்சை நிற வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் குடல் முறுக்கம் இல்லை என்று உறுதிப்படும்வரை அதை அவசர நிலையாகவே கருத வேண்டும். பாலை மாற்றிப் பார்ப்பது விடையாகாது.

175 வினாக்களில் 25 வினாக்கள் எதிர்காலத் தேர்வுகளுக்கான சோதனை வினாக்கள் என்பதால் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. அவை எவை என்று கண்டறிய வழியில்லை. ஆகவே விசித்திரமான ஒரு வினாவில் ஐந்து நிமிடம் சிக்கிக்கொள்ளாமல், ஒரு விடையைத் தேர்ந்து குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். சராசரியாக ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம்தான்.